84 நாளுக்கு 72 பேர்

1930களில் இலங்கையில் லட்சம் பிரசவத்துக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துபோனார்கள். இப்போது அந்தக் கணக்கு ஏறத்தாழ 30. ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களிலும் லயத்துக் காம்பராவில் பிள்ளை பெறுவது அபூர்வமாகிவிட்டது. 2017 மே மாதம் டிக்கோயாவில் இந்திய உதவியில் 150 கட்டில் ஆஸ்பத்திரியும் திறந்தார்கள். பிரசவ அறையை மட்டும் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை.

அமெரிக்காவில் தாய்மார் மரணக் கணக்கை இனவாரியாக எழுதுகிறார்கள்: 2023இல் லட்சத்துக்குக் கறுப்பினத் தாய்மார் 50.3, வெள்ளைத் தாய்மார் 14.5. நம் அளவீடுகளில் இருப்பவை நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று கட்டங்கள். தோட்டம் என்றால் மலையகத் தமிழர் என்று நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான். ஹட்டன் டவுனில் கடைக்கு மேல் குடியிருக்கும் மலையகப் பெண் அந்தக் கட்டத்துக்குள் வரமாட்டாள். 2012 குடிசன மதிப்பீட்டில் "இந்தியத் தமிழர்" 839,504 பேர். அவர்களுடைய தாய்மாருக்கென்று தனிக் கட்டம் போட்டால் என்ன தெரியவரும் என்ற பயமோ என்னவோ.

ஆகவே பிறக்கும் பிள்ளைகளின் நிறுவையைத்தான் பார்க்க வேண்டும். 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஆறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஒன்று இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தது. தோட்டத்தில் ஏறத்தாழ நாலில் ஒன்று. ஐந்து வயதுக்குள் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டத்தில் 31.7. அதற்கு முந்திய 2006-07 ஆய்வில் தோட்டத்துக்கு 40 வீதம் வந்தது. எட்டு வீதம் குறைந்ததே என்று ஆறுதல்படலாம். ஆனால் அன்று அளந்த சிறுமிகளுக்கு இப்போது இருபது வயதுக்குக் கிட்ட. கிளினிக் வாங்கில் வயிற்றோடு உட்கார்ந்திருப்பது அவர்கள்தான். வளராத உடம்பில் தரித்த பிள்ளை சிறுத்துப் பிறப்பதற்கு, பிரசவ வார்டு எவ்வளவு நல்லதாக இருந்தும் செய்வதற்கு அதிகமில்லை.

இனிக் காசு. 2019இல் நாட்டின் வறுமை வீதம் 14.3, தோட்டத்தில் 33.8. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு; பேர் விழுந்தால்தான் அந்தக் கூலி. கிளினிக்குக்காக மலையை விட்டு இறங்கும் நாளில் பேர் போனால் மாதத்தில் ஒரு நாள் கூலி போச்சு. ரோட்டுக்குப் போகும் ஓட்டோக் காசு அது தனி.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைச் சட்டம் 84 நாள் லீவு தருகிறது, சம்பளத்தில் ஏழில் ஆறு பங்கு வீதத்தில். அதாவது 84 நாளுக்கு 72 பேர். 2024இன் 1,350ஆல் பெருக்கினால் 97,200 ரூபாய். மூன்றாவது பிள்ளைக்கு 2018 வரை 42 நாள்தான். அதே கூலியில் அது 48,600. பிள்ளையின் பசிக்கு இலக்கம் தெரியாது, சட்டத்துக்கு மட்டும் தெரிந்திருந்தது!

கிளினிக்கில் கர்ப்பிணிக்குத் தரும் சத்துமாவான திரிபோஷா மாதம் 750 கிராமில் இரண்டு பைக்கற். நாளுக்கு 50 கிராம். அது தாய் ஒருத்திக்கான கணக்கு. மூத்த பிள்ளைகள் பசியோடு பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வீட்டில் அந்த 50 எத்தனையாகப் பிரியும் என்று எந்த அட்டையிலும் எழுதுவதில்லை.

பெற்றபின் வேலைக்குத் திரும்பினால், பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை. பிள்ளை மடுவம் (குழந்தைக் காப்பகம்) இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. மடுவம் அநேகமாகக் கீழே லயத்துக்குப் பக்கத்தில் இருக்கும். தாய் எத்தனையாம் நம்பர் மலையில் கொழுந்தெடுக்கிறாள் என்று சட்டம் கேட்கவில்லை.