நாற்பத்தொன்றில் நாற்பது

புற்றுநோய்க்குத் தடுப்பூசி வருமா என்று கேட்கிறார்கள். ஒன்று வந்து நாற்பது வருடம் தாண்டிவிட்டது. பிறந்த குழந்தையின் தொடையில் போடும் அதை மஞ்சள் காமாலை ஊசி என்று சொல்லிப் பழகிவிட்டோம், அதனால் தெரிவதில்லை.

தைவானில் 22,707 ஆண்களின் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, அமெரிக்க மருத்துவர் பாமர் பீஸ்லியின் குழு காத்திருந்தது. ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர், அந்த மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்துகொண்டிருந்தார். 1981இல் லான்செட் இதழில் கணக்கு வெளியானபோது, கல்லீரல் புற்றால் இறந்திருந்தவர்கள் 41 பேர். அவர்களில் 40 பேர் வைரஸைச் சுமந்தவர்கள். புற்று வந்ததால் வைரஸ் ஒட்டிக்கொண்டது என்று வாதாட வழியில்லை. ரத்தம் எடுத்தது முதலில், நோய் வந்தது பிறகு.

இதே வைரஸ் வளர்ந்த ஆளைத் தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரிடம் நோயெதிர்ப்புச் செல்கள் சில மாதங்களில் துரத்திவிடும். பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றினால் கதை தலைகீழ். பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் தங்கிவிடும். வேற்றாள் யார், வீட்டாள் யார் என்பது பச்சைக் குழந்தையின் செல்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. வளர்ந்தபின் அவை விழித்துக்கொள்ளும்போதுதான் வினை. வைரஸ் நேரடியாகக் கல்லீரல் செல்லைக் கொல்வதில்லை. அது குடியேறிய செல்களைப் போட்டு அடிப்பது நம் ஆட்களேதான். அடி, புண், தழும்பு, மறுபடி புதுச் செல். பல பத்தாண்டுகள் இப்படி ஓயாமல் பெருகுவதில் ஒரு செல் தடம் புரண்டால் போதும்.

ஆகவே செல்களுக்கு ஆளை முன்கூட்டியே அடையாளம் காட்டிவிட வேண்டும். தடுப்பூசி விஞ்ஞானி மாரிஸ் ஹில்மேன் அதற்கு எடுத்துக்கொண்ட கச்சாப்பொருளைக் கேட்டால் இன்றும் வயிறு கலங்கும்: வைரஸைச் சுமப்பவர்களின் ரத்தம்! அதில் மிதக்கும் வெற்று மேலுறையைப் பிரித்து, பெப்சின், யூரியா, ஃபார்மலின் மூன்றாலும் சுத்திகரித்தார். 1986இல் ஈஸ்ட்டிலேயே அந்த மேலுறையை வளர்க்க வழி பிறந்தது, ரத்தம் தேவைப்படவில்லை.

தைவான் 1984 ஜூலையில் வைரஸ் உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கும், இரண்டு வருடம் கழித்து எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி போட்டது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்த கல்லீரல் புற்று, 1990–94இல் 0.36 ஆனது. சிறிய எண்தான். ஆனால் புற்றை ஊசி தடுக்கும் என்பதற்கு மனிதரிடம் கிடைத்த முதல் சாட்சி அது.

ஏற்கெனவே வைரஸ் குடியேறியவர்களுக்கு இந்த ஊசி உதவாது. நம் கீழாநெல்லி உலக மேடை ஏறியது அவர்களுக்காகத்தான். 1988இல் சென்னை தியாகராஜன் குழுவினர், இந்த வைரஸைக் கண்டுபிடித்த நோபல் விஞ்ஞானி புளும்பெர்க்கோடு சேர்ந்து, 37 பேருக்குக் கொடுத்ததில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் தடயம் மறைந்ததாக எழுதினார்கள். பிறகு மற்றவர்கள் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அசந்துபோன நோயெதிர்ப்புச் செல்களையே வெளியே எடுத்து, பாடம் சொல்லிக்கொடுத்துத் திருப்பி அனுப்பும் முயற்சி பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)