பொது அச்சுப்பொறியும் இல்லத்தின் அமைதியும்

ஒரு பொருளைக் குடும்பத்தில் பலர் பொதுவில் வைத்துப் பயன்படுத்துவது நமக்குப் புதிதன்று. கிணறும் ஆட்டுக்கல்லும் மிதிவண்டியும் அவ்வாறே இருந்தன. அவற்றால் பிணக்கு நேர்ந்தாலும், பழுது எங்கே என்பது கண்ணுக்குத் தெரிந்தது. இன்று கணிப்பொறியோடு நம் இல்லங்களுக்குள் வந்துவிட்ட அச்சுப்பொறியோ அத்தகையதன்று. மகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பம், தாத்தாவின் ஓய்வூதியப் படிவம், அன்பியக் கூட்டத்துக்கான செபத்தாள் ஆகிய அனைத்தும் அந்த ஒரு பொறியையே நம்பியிருக்கின்றன. கடைசி நாளன்று அது அசையாமல் நின்றுவிட்டால், "நீதானே கடைசியாகத் தொட்டாய்?" என்ற கேள்வியே முதலில் எழுகிறது. பெரும்பாலும் அக்கேள்வி தவறான ஆளிடம் கேட்கப்படுகிறது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பகிர்வதற்கு இரு வழிகள்

ஓர் அச்சுப்பொறியைப் பல கணிப்பொறிகள் பகிர்ந்துகொள்ள இரண்டு வழிகள் உள்ளன. அதை ஒரு கணிப்பொறியோடு யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, மற்றவை அக்கணிப்பொறியின் வாயிலாக அச்சிடுவது முதல் வழி. அச்சுப்பொறியே வீட்டு வைஃபையில் தனி உறுப்பாகச் சேர்வது இரண்டாம் வழி.

முதல் வழியில், கம்பி இணைந்துள்ள கணிப்பொறி விழித்திருந்தால்தான் மற்றவர் அச்சிட முடியும். தந்தை தம் கணிப்பொறியை நிறுத்திவிட்டு உறங்கப் போனால், அடுத்த அறையில் மகனுடைய வேலை நின்றுபோகும். மேலும், விண்டோஸ் அமைப்பில் வீட்டு வைஃபையைப் 'பொது' இணைப்பு என்று குறித்துவிட்டால், பேருந்து நிலையத்தில் இருப்பதாக எண்ணி அக்கணிப்பொறி தன்னைப் பிறருக்குக் காட்டாது. அதனைத் 'தனியார்' இணைப்பு என மாற்ற வேண்டும்.

வீட்டில் யாரும் எதையும் தொடாமலே பகிர்வு அறுந்துபோவதும் உண்டு. பகிர்வை எளிதாக்கவென்று 2009ஆம் ஆண்டில் விண்டோஸ் 7உடன் வந்த 'ஹோம் குரூப்' வசதி, 2018ஆம் ஆண்டில் விண்டோஸ் 10இலிருந்து நீக்கப்பட்டது. 2021 ஜூலையில், அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்னும் பகுதியில் பெரும் பாதுகாப்புக் குறை இருப்பது வெளியாயிற்று. அதை ஒட்டிய மாதங்களில் அச்சுத் தொடர்பான பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டன. அவ்வாண்டு செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பின், உலகெங்கும் பலருடைய பகிர்ந்த அச்சுப்பொறிகள் ஒரே நாளில் வாய்மூடி நின்றன. திருடனுக்கு அஞ்சிப் பூட்டை மாற்றியபோது, வீட்டாரிடம் இருந்த சாவியும் பொருந்தாமற்போன கதை இது. அந்நாளில் வீட்டுப் பிள்ளையைக் கடிந்துகொண்ட பெற்றோர் எத்தனை பேரோ!

முகவரி மாறிய அச்சுப்பொறி

இரண்டாம் வழி மேலானது. எனினும் அதற்கும் தொல்லை உண்டு. வீட்டிலுள்ள 'ரூட்டர்' ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரியை வழங்குகிறது. மின்சாரம் போய் வந்தபின் அச்சுப்பொறிக்கு வேறு எண் கிடைக்கக்கூடும். கணிப்பொறியோ பழைய எண்ணையே தேடிச் சென்று, ஆளில்லை என்று திரும்பி, 'ஆஃப்லைன்' என அறிவிக்கும். குடிமாறிப்போன வீட்டுக் கதவைத் தபால்காரர் தட்டுவதுபோன்றதே இது. ரூட்டரில் அச்சுப்பொறிக்கென ஓர் எண்ணை நிலையாக ஒதுக்கிவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் தீரும்.

விண்டோஸ் 10இல் 2015 நவம்பர் முதல் மற்றொரு பழக்கமும் புகுந்தது. கடைசியாக எந்த அச்சுப்பொறியில் அச்சிட்டோமோ, அதையே முதன்மைப் பொறியாக அது தானே வைத்துக்கொள்ளும். அலுவலகத்துக்குக் கொண்டுபோன கணிப்பொறி, வீடு திரும்பிய பின்னும் அலுவலகப் பொறியையே நாடினால், இதுவும் காரணமாக இருக்கலாம். அமைப்புப் பகுதியில் இவ்வசதியை நிறுத்திவைக்கலாம்.

பொறுமையின்மையும் ஒரு காரணம். முதல் தாள் வரவில்லை என்று ஐந்துமுறை கட்டளையிட்டால், ஐந்தும் வரிசையில் காத்து நிற்கும். முதல் வேலை சிக்கியிருப்பின் பின்னுள்ளவையும் நகரா. சிக்கல் தீர்ந்ததும் ஐந்து படிகளும் வந்து விழும். வரிசையை அழித்துவிட்டு, ஒருமுறை மட்டும் கட்டளையிடுவதே முறை.

தமிழுக்கே உரிய இடர்

பங்கு அறிக்கையோ திருவிழா அழைப்போ, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சாகியிருந்தால், அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறித் தோன்றும். இதற்கு அச்சுப்பொறி பொறுப்பன்று. யுனிகோடு முறையில் தட்டச்சிடுவதும், எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். கோப்பாக மாற்றி அனுப்புவதும் இதற்கு மருந்து. தமிழக அரசும் 2010ஆம் ஆண்டில் யுனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது.

வீட்டுக்கு ஓர் ஒழுங்கு

பொதுப் பொருளுக்குப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். அவர் வயதில் இளையவராயினும் பிறர் அவருக்குச் செவிகொடுக்க வேண்டும். ரூட்டரின் கடவுச்சொல், அச்சுப்பொறியின் எண் முகவரி, மை மாற்றிய நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது நன்று. மைத்துளி தெளிக்கும் அச்சுப்பொறியைச் சுவரிலுள்ள சுவிட்சால் அல்லாமல், அதன் சொந்தப் பொத்தானால் நிறுத்தவேண்டும். அப்போதுதான் மைமுனை மூடிக்குள் சென்று உலராமல் இருக்கும். வாரம் ஒரு வண்ணத்தாளேனும் அச்சிட்டால் மை அடைபடுவது குறையும். முதன்மையான படிவங்களை முந்தைய நாளே அச்சிட்டுவிடுவது எல்லாவற்றிலும் சிறந்த காப்பு.

தமிழ் எழுத்துகளில் அச்சான முதல் நூலெனக் கருதப்படும் 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறே பக்கங்கள் கொண்டது அது. அன்றிக்கே அடிகளாரின் அவ்வச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் பொருள் திரட்டித் தந்தனர். தமிழ் அச்சு நம் திருச்சபையில் தோன்றிய நாளிலேயே பலருடைய கைப்பொருளால், பலருடைய நன்மைக்காகத் தோன்றியது.

ஆளுக்கொரு அச்சுப்பொறி வாங்கிவிட்டால் தொல்லை தீரும் என்று எண்ணும் குடும்பங்களும் உள்ளன. பணமிருந்தால் அதுவும் கூடும். ஆனால் பகிர்ந்து வாழ்வதால் வரும் சிறு தடைகளை எல்லாம் பணத்தால் விலக்கிக்கொண்டே போனால், ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் எங்கே கற்பார்கள்? பொறி நின்றால் முதலில் அதன் வரிசையைப் பார்ப்போம், முகவரியைப் பார்ப்போம், கம்பியைப் பார்ப்போம். அருகில் நிற்கும் பிள்ளையின் முகத்தைக் கோபத்தோடு பார்ப்பதை மட்டும் தவிர்ப்போம். பழுதான பொறியை மறுநாளும் சீராக்கலாம். கடுஞ்சொல்லால் புண்பட்ட மனத்தைச் சீராக்குவது அத்துணை எளிதன்று.