மழைக்கணக்கு யாருக்கு வேண்டும்?

மாலை நான்கு மணிக்குப் பங்சார் தெலாவி வீதிகளில் மழை கொட்டித் தீர்க்கும். இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் பூ வாடாமலிருக்க ஈரத் துணி போட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே தரைகூட நனைந்திருக்காது. காலையில் கைப்பேசியில் வந்த செய்தி இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான்: கோலாலம்பூரில் மாலை இடியுடன் மழை.

முன்னறிவிப்பு பொய்யில்லை. ஆனால் அது ஊர் முழுமைக்கும் சொல்வது. உங்கள் தெருவில் இந்த நிமிடம் எவ்வளவு பெய்கிறது என்று அளந்து சொல்ல வேறொன்று வேண்டும். அதுதான் வானிலை நிலையம் (காற்று, மழை, வெப்பம் போன்றவற்றை ஓரிடத்தில் இடைவிடாமல் அளந்து பதியும் கருவிகளின் தொகுப்பு). நாளைக்கு மழை வருமா என்று அதனிடம் கேட்டால் அதற்குத் தெரியாது. இங்கே, இப்போது, எவ்வளவு என்று கேட்டால் சொல்லும். தொழில் நடத்துகிறவர்கள் பணம் கொடுத்து வாங்குவது இந்தப் பதிலைத்தான்.

அதில் என்னதான் இருக்கும்? பத்து மீட்டர் உயரக் கம்பத்தின் உச்சியில் காற்றின் வேகத்தையும் திசையையும் காட்டும் கருவிகள். கீழே, காற்று புகுந்து வெளியேறும்படி சட்டங்கள் வைத்த வெள்ளைக் கூட்டுக்குள் வெப்பமானியும் ஈரப்பதமானியும். காற்றழுத்தத்துக்கு ஒன்று, வெயிலின் வலுவை அளக்க ஒன்று. பக்கத்தில் ஒரு மழைமானி. எல்லா எண்களையும் ஒரு சிறு பெட்டி சேர்த்துவைத்துச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அலுவலகத்துக்கு அனுப்பும்.

மழைமானியைத் திறந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், அவ்வளவு எளிது. மேலே ஒரு புனல். அதன் அடியில், சிறுவர் பூங்காவின் சீசாப் பலகைபோல், இரண்டு சிறு கிண்ணங்கள். ஒன்று நிறைந்ததும் சாய்ந்து கொட்டும். மற்றது மேலே வந்து புனலடியில் நிற்கும். ஒரு சாய்வு பெரும்பாலும் 0.2 அல்லது 0.5 மில்லிமீட்டர் மழை. சாய்வுகளை எண்ணுவதோடு வேலை முடிந்தது.

மில்லிமீட்டரில் மழையா, அது எவ்வளவு? ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்தால் ஒரு மில்லிமீட்டர். இருபதுக்கு எழுபது அடி மனையில் உள்ள வரிசை வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 130 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் பெய்தால் உங்கள் மனையில் மட்டும் 7,800 லிட்டர். வாசலில் ஓடும் கால்வாய் அதைப் பக்கத்து வீடுகளின் தண்ணீரோடு சேர்த்து ஒரே மணி நேரத்தில் விழுங்கியாக வேண்டும். வடிகால், நீர்ப்பாசனத் துறை (ஜே.பி.எஸ்.) மணிக்கு 31 மில்லிமீட்டரிலிருந்து 60 வரை கனமழை என்றும், அதற்கு மேல் மிகக் கனமழை என்றும் வகைப்படுத்துகிறது.

இந்த எண்களை நாமும் பார்க்கலாமா? பார்க்கலாம், காசில்லாமல். ஜே.பி.எஸ். நடத்தும் 'இன்ஃபோ பன்ஜிர்' என்ற இணையத்தளத்தில் மாநிலம், மாவட்டம் வாரியாக மழை அளவும் ஆற்று மட்டமும் வந்துகொண்டே இருக்கும். ஆற்று மட்டத்துக்கு நான்கு நிலை: வழக்கம், விழிப்பு, எச்சரிக்கை, ஆபத்து. பெட்டாலிங் ஜெயாவில் தலைமையகம் கொண்ட மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் 'மைசுவாச்சா' செயலியில் இடிமழை எச்சரிக்கை வரும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழகுங்கள். உங்கள் தலைக்கு மேல் பெய்யும் மழையைவிட ஆற்றின் மேற்பகுதியில் பெய்யும் மழைதான் பல நேரம் உங்கள் வீட்டுக்குள் வரும். பிரிக்பீல்ட்ஸில் வானம் தெளிவாக இருக்கலாம். அம்பாங் பக்கம் கொட்டினால் கிள்ளான் ஆறு ஏறும்.

இந்த ஓர் உண்மையை வைத்து ஒரு சுரங்கமே இயங்குகிறது. 2007-இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளம். கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் கூடும் இடத்துக்கு அருகே வெள்ளத்தை உள்வாங்கி, நகர நடுவைத் தவிர்த்து, தாமான் டேசா ஏரிக்குக் கொண்டுபோய்விடும். அதன் ஒரு பகுதியில் கார்களும் ஓடுகின்றன. அப்படியானால் எப்போது கார், எப்போது தண்ணீர்?

முடிவு செய்வது ஆற்றின் மேற்பகுதியில் உள்ள மழைமானிகளும் ஆற்று மட்டக் கருவிகளும். ஆற்றுச் சந்திப்பில் ஓட்டம் வினாடிக்கு 70 கனமீட்டரைத் தாண்டினால் தண்ணீர் அடித்தளத்தில் மட்டும் போகும். மேலே போக்குவரத்து தொடரும். 150-ஐத் தாண்டும் நிலை வந்தால் வாகனங்களை வெளியேற்றிப் பாதையை மூடுவார்கள். சுரங்க வாசலில் 'மூடப்பட்டது' என்று பலகை எரியும்போது அங்கே சொட்டு மழைகூட இல்லாமலிருக்கலாம். ஹாரன் அடித்துப் பயனில்லை. அந்தப் பலகை எங்கோ வடக்கே பெய்த மழையைப் பார்த்துப் பேசுகிறது. ஒருமுறை வெள்ளம் முழுதாகப் புகுந்துவிட்டால் கழுவித் திறக்க நாளாகும், மறுநாள் வேலைக்கும் வேறு வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவி இருந்தால் வெள்ளம் வராதா? வரும். 2021 டிசம்பர் 18-ஆம் தேதி கிள்ளான் பள்ளத்தாக்கின் சில இடங்களில் ஒரு மாத மழை ஒரே நாளில் விழுந்தது. கடல் ஏற்றமும் சேர்ந்துகொள்ள, ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரையேறிக் காத்திருந்தார்கள். எண் ஏறுவதைக் கண்டதும் யார் யாருக்குச் சொல்வது, எங்கே போவது என்ற ஏற்பாடு இல்லாத இடத்தில் கருவி வெறும் கணக்கெழுதும். தாழ்ந்த பகுதியில் இருப்பவர்கள், பக்கத்து ஆற்று நிலையம் 'எச்சரிக்கை'க்கு வந்ததும் காரை மேட்டுக்கு நகர்த்துவது என்று வீட்டில் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. 'ஆபத்து' வரும்வரை காத்திருந்தால் தெருவே நிரம்பியிருக்கும்.

மேட்டில் இருப்பவர்களுக்குக் கவலை இல்லையா? பங்சாரின் புக்கிட் பண்டாராயா மாதிரி சரிவுகளில் இருப்பவர்கள் வேறொரு எண்ணைப் பார்க்க வேண்டும்: பல நாள் மழையின் கூட்டுத்தொகை. 1993 டிசம்பர் 11-இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தது நாள்கணக்கில் பெய்த மழைக்குப் பிறகுதான். மண் குடித்துக் குடித்துக் கனத்து, கடைசியில் விடுகிறது. அதனால் சரிவுகளைக் கண்காணிக்கும் பொறியாளர்கள் மழைமானியும் சேர்த்தே வைப்பார்கள். சில நாள் விடாத மழைக்குப் பின் தடுப்புச் சுவரில் புது விரிசலோ, கலங்கிய ஊற்றோ தெரிந்தால் நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள்.

இனி, தொழில். கட்டட வேலை எடுத்துச் செய்பவர் நீங்கள் என்றால் மழைக்கணக்கு உங்களுக்கு நேரடியாகப் பணம். இந்த நாட்டில் வழக்கமாகப் பயன்படும் கட்டுமான ஒப்பந்தங்களில், வழக்கத்துக்கு மீறிய மோசமான வானிலை இருந்தால் வேலை முடிக்கக் கூடுதல் காலம் கேட்கலாம் என்ற விதி உண்டு. கேட்காவிட்டால் தாமதத்துக்கு நாள்வாரியாக அபராதம் ஏறும்.

'மழை பெய்தது, வேலை நின்றது' என்று எழுதினால் போதாதா? போதாது. இது மழை ஊர். மழை பெய்வது இங்கே வழக்கம். அந்த மாதம் வழக்கத்தைவிட எவ்வளவு அதிகம் என்று காட்ட வேண்டும். அதற்கு இரண்டு கணக்கு தேவை: பக்கத்து அரசு நிலையத்தின் பல ஆண்டுச் சராசரி, உங்கள் தளத்தின் அன்றாட அளவு. பெரிய நிறுவனங்கள் தளத்திலேயே நிலையம் வைத்திருக்கும். கால்வாய் வேலை, கூரை வேலை, சாய வேலை என்று துணை ஒப்பந்தம் எடுக்கும் நம்மவர்கள் பலர் வைப்பதில்லை. சாதாரண மழைமானி ஒன்றும், மணி போட்டு எழுதிய நாட்குறிப்பும், அதே நேரத்தில் எடுத்த படமும் இருந்தால்கூடப் பேச்சுவார்த்தையில் உங்கள் கை ஓங்கும்.

காப்புறுதிக்கும் இது உதவுமா? முதலில் ஒன்றைச் சரிபாருங்கள்: வழக்கமான முழுக் காப்புறுதியில் கார் வெள்ளத்தில் மூழ்கினால் இழப்பீடு கிடைக்காது. 'சிறப்பு இடர்' (வெள்ளம், புயல், நிலச்சரிவு போன்ற இயற்கைச் சேதங்களுக்கான கூடுதல் பாதுகாப்பு) தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். 2021 வெள்ளத்தில்தான் பலருக்கு இது தெரியவந்தது. புயற்காற்றில் மரம் விழுந்தாலும் இதே கேள்வி எழும். அதைச் சேர்த்திருந்தும் 'அன்று அங்கே அப்படிக் காற்றடிக்கவில்லையே' என்று தகராறு வந்தால், வானிலை ஆய்வுத் துறையிடம் கட்டணம் செலுத்தி அந்த நாளின் பதிவைக் கேட்டு வாங்கலாம். பக்கத்து நிலையம் பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் உங்கள் தெருக் காற்று அதில் பதிந்திருக்காது. ஆகவே நேரத்தோடு எடுத்த படங்களை அழிக்காதீர்கள்.

கிரேனுக்கு மழை பெரிதில்லை, காற்றுதான் எமன். உயர் கிரேன்களின் உச்சியில் காற்றுமானி இருக்கும். தயாரிப்பாளர் சொன்ன எல்லையைத் தாண்டினால் தூக்குவதை நிறுத்த வேண்டும். பல கிரேன்களுக்கு அது மணிக்கு 72 கிலோமீட்டர், தள விதி அதைவிடக் கடுமையாகவும் இருக்கும். கருவி ஏன் உச்சியில்? தரையில் இலை அசையாத நேரத்திலும் மேலே காற்று வேறு. 678.9 மீட்டர் உயர மெர்டேக்கா 118 போன்ற கட்டடத்தில், கீழே நிற்பவர் மேலே உள்ள நிலவரத்தைக் கண்ணால் கணிக்க முடியாது.

கிள்ளான் துறைமுகத்திலும் இதே கதைதான். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், விடிவதற்கு முன்போ காலையிலோ, மலாக்கா நீரிணையைக் கடந்து 'சுமத்ரா' என்று அழைக்கப்படும் சூறைக்காற்று மழையோடு வரும். காற்றுமானி எல்லையைக் காட்டியதும் கொள்கலன் கிரேன்களை நிறுத்திப் பூட்டுவார்கள். அன்று லாரி ஓட்டுபவர்களுக்கு வாயிலில் வரிசை நீளும். காலைச் சரக்கை நம்பி ஆள் வைத்திருப்பவர்கள், முந்திய இரவே கடல் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு நேரத்தைத் தள்ளிவைக்கலாம்.

தோட்டத்துக்கு இதெல்லாம் புதிதே இல்லை. பங்சாரே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். காலையில் பட்டை ஈரமாக இருந்தால் வெட்டிய பால் கோட்டில் நிற்காமல் பட்டையெல்லாம் வழியும். வெட்டிய பின் பெய்தால் மங்கில் (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்) இருக்கும் பால் தண்ணீராகிவிடும். பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) முடிந்தும் மழை விடாவிட்டால் அன்றைய கூலி போச்சு. தோட்ட அலுவலகத்தில் கிராணியார் அந்தக் காலத்திலேயே மழைமானியைப் பார்த்துத் தினமும் எழுதிவைப்பார். செம்பனைக்கு அந்தக் கணக்கு இன்னும் முக்கியம்: இன்றைய வறட்சி குலையில் தெரிவது பல மாதம், சில வேளை இரண்டு ஆண்டு கழித்துத்தான். பழைய மழைக்கணக்கு இல்லாத நிர்வாகி, விளைச்சல் குறையும்போது வெட்டுக்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார்.

வெயிலில் வேலை செய்பவர்களுக்கு வெப்பமானி காட்டும் எண் மட்டும் போதாது. நம் ஊரின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் காயாது, உடல் குளிராது. அதனால் வெப்பம், ஈரப்பதம், நேர் வெயில், காற்று நான்கையும் சேர்த்து ஒரே எண்ணாக்கி ஓய்வு நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். வேலையிடப் பாதுகாப்புத் துறை 2016-இலேயே இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. உங்கள் முதலாளி நிழலும் தண்ணீரும் தருவது தயவு அல்ல.

மின்னலுக்கு மட்டும் கருவியை எதிர்பார்க்காதீர்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டில் ஏறக்குறைய 200 நாள் இடி கேட்கும். கோல்ப் திடல்களில் சங்கு ஊதுவார்கள். பள்ளித் திடலில் ஊதமாட்டார்கள். மின்னல் தெரிந்து 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் கொண்டுபோங்கள். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழித்து வெளியே விடுங்கள்.

விமான நிலையங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சிப்பாங்கிலும் சுபாங்கிலும் ஓடுபாதைக் காற்றை அளக்காமல் ஒரு விமானமும் இறங்குவதில்லை. கூரையில் சூரியத் தகடு போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மின்சாரம் குறைந்தது மேகத்தாலா, தகட்டுப் பழுதாலா என்று பிரித்துச் சொல்வது வெயில் அளக்கும் கருவிதான். விற்பவர் 'மழைக்காலம் சார்' என்று சமாளித்தால், அதன் பதிவைக் கேளுங்கள்.

சரி, நானும் ஒன்று வாங்கி மாட்டலாமா? வீட்டுக்கான கருவித் தொகுப்பு சில நூறு ரிங்கிட்டிலேயே கிடைக்கிறது. விலையைவிட இடம் முக்கியம். கொண்டோ மொட்டைமாடியில் வைத்தால் கான்கிரீட்டின் சூட்டைத்தான் வெப்பம் என்று காட்டும். மதிலோ மரமோ பக்கத்தில் இருந்தால், அதன் உயரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி மழைமானியை வையுங்கள். அதற்கு இடமில்லாத வீட்டில் வாங்காமலிருப்பதே மேல்; ஜே.பி.எஸ். எண் இருக்கவே இருக்கிறது.

மாட்டிய பிறகு மாதம் ஒருமுறை புனலைக் கழற்றிப் பாருங்கள். ஓர் அங்சானா இலையும் கொஞ்சம் எறும்பு மண்ணும் போதும், வெளியே கொட்டும்போது திரையில் சுழியம் நிற்கும். பிறகு ஓர் அளவுக்குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றி, சாய்வு எத்தனை என்று எண்ணி, கையேட்டில் சொன்ன கணக்கோடு ஒப்பிட்டு, தேதி போட்டுக் குறித்துவையுங்கள். பின்னால் ஒப்பந்தக்காரரோ காப்புறுதிக்காரரோ 'உங்கள் கருவியை எப்படி நம்புவது?' என்று கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டியது அந்தக் குறிப்பைத்தான்.