முள் அறிந்தது உயரம் மட்டுமே

பிறைத் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் உள்ள ஒரு பட்டறையில், என் பழைய மகிழுந்தின் பின்னிருக்கையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, பட்டறைக்கார அண்ணன் எரிபொருள் கலனுக்குள் கையை விட்டு ஒரு பொறியை வெளியே எடுத்தார். எண்ணெய் சொட்டச் சொட்ட அது ஒரு பழைய செய்தித்தாளின் மேல் வந்து அமர்ந்தது. (பெட்ரோலை எண்ணெய் என்றே சொல்லிப் பழகிய ஊர் இது.) கறுப்பு நிறத்தில் ஒரு மிதவை, அதைத் தாங்கும் கம்பிக் கை, கையின் மறுமுனையில் அஞ்சல்தலை அகலத்தில் ஒரு வெண்களித் தகடு. தகட்டின் மேல் வில்லென வளைந்த கருங்கோடுகள். அவற்றை உரசியபடி நகரும் இரண்டு மெல்லிய உலோக விரல்கள்.

"இவ்வளவுதான் தம்பி. இத நம்பித்தான் பாலத்துல ஏறுறீங்க" என்றார்.

அவர் சொன்னதில் ஏளனம் இருந்தது. ஏளனத்திற்குக் காரணமும் இருந்தது. இரண்டு நாள்களுக்கு முன், பினாங்குப் பாலத்தின் கட்டணச் சாவடியை நெருங்கும் நேரத்தில், முள் கால் கலன் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுபோயிருந்தது. கலனில் ஒரு கரண்டி எண்ணெய் இல்லை.

தமிழர் அளவையை எண்ணுதல், நிறுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காகப் பகுத்தனர். நெல்லைப் படியால் முகந்தோம். பொன்னைத் தராசில் நிறுத்தோம். துணியை முழம் போட்டு நீட்டினோம். எண்ணெய் முகத்தலுக்கு உரிய பொருள். நிலையத்தில் நாம் அதை லிட்டர் கணக்கில்தான் வாங்குகிறோம். அங்கே குழாயின் அளவைக் கருவிக்கு உலகச் சட்ட அளவியல் அமைப்பு பரிந்துரைக்கும் பிழை வரம்பு அரை விழுக்காடு. வாங்கிய எண்ணெய் வண்டிக்குள் இறங்கியதும் அளவையின் வகையே மாறிவிடுகிறது. கலனுக்குள் முகப்பார் எவரும் இல்லை. மிதவை அறிந்தது ஒன்றே ஒன்று: எண்ணெயின் மேற்பரப்பு எந்த உயரத்தில் நிற்கிறது என்பது. அதாவது நீட்டல் அளவை. அந்த உயரத்தை மின்தடையாக மாற்றுவது தகட்டின் வேலை. அண்ணனின் மின்னளவியை வாங்கி நானே கையை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். மிதவை உச்சியில் இருக்கையில் பத்து ஓமுக்குச் சற்று மேல்; அடியில் இருக்கையில் நூற்றெண்பதை ஒட்டி. சில வண்டிகளில் இது தலைகீழாக இருக்கும். இந்தத் தடைக்கேற்ப மாறும் மின்னழுத்தமே முன்பலகையில் முள்ளாக நகர்கிறது.

உயரத்தைக் கொண்டு கொள்ளளவைச் சொல்வதற்குக் கலன் செவ்வகப் பெட்டியாக இருந்தால் இடர் ஏதுமில்லை. பாதி உயரம் என்றால் பாதி எண்ணெய். படுக்கவைத்த உருளை வடிவில் ஒரு சரக்குந்தின் கலனை எண்ணிப் பாருங்கள். அதில் கால் பங்கு உயரத்திற்கு எண்ணெய் நின்றால், உள்ளே இருப்பது கால் பங்கு அன்று. ஐந்தில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைவு. மகிழுந்தின் கலனோ உருளை வடிவுகூட இல்லாதது. பின்னிருக்கைக்கு அடியில், புகைக்குழாயும் அச்சும் விட்டுவைத்த மிச்ச இடத்தில் அழுத்திப் பொருத்தப்பட்டது. சில வண்டிகளில் அது குதிரைச் சேணம் போல நடுவில் மேடிட்டு இருபுறமும் தொங்கும். ஒரு மிதவை போதாமல் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு வைப்பார்கள். இந்தக் கோணலையெல்லாம் இக்கால வண்டிகளில் ஒரு மின்னணு அட்டவணை நேர்செய்கிறது: இந்த உயரமென்றால் இத்தனை லிட்டர். பழைய வண்டிகளில் அட்டவணை கிடையாது. பாதிக்கு மேலே ஆமை போல இறங்கும் முள், பாதிக்குக் கீழே ஓட்டமெடுக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது அனுபவ அறிவு.

எண்ணெய் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. வளைவில் ஒருபுறம் ஒதுங்கும். நிறுத்தியில் கால் வைத்தால் முன்னே பாயும். இதைச் சமாளிக்கப் பழைய பொறியாளர்கள் ஓர் அழகிய வழியைக் கையாண்டனர். முள்ளை அசைத்தது காந்தம் அன்று, வெப்பம். இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டையின் மேல் மெல்லிய கம்பி சுற்றி மின்னோட்டம் செலுத்துவார்கள். பட்டை சூடேறி வளைய, முள் மெல்ல நகரும். சூடேற நேரம் ஆகும் என்பதால் நொடிக்கு நொடி வரும் அலைச்சலை அது கண்டுகொள்ளாது. இன்று அந்தப் பொறுமையை மென்பொருள் ஏற்றுள்ளது. பல மணித்துளிகளின் சராசரியை எடுத்த பிறகே முள்ளை நகர்த்தும். பொறுமைக்கும் விலை உண்டு. பத்து வெள்ளிக்கு எண்ணெய் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினால், பல நேரம் முள் அசைவதே இல்லை. ஐந்து லிட்டர் வந்து சேர்ந்ததை அது அலைச்சல் என்று எண்ணித் தள்ளிவிடுகிறது. நிலையத்துக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவை இயல்பான பிழைகள். அறிந்தே செய்யும் பிழை ஒன்றும் உண்டு. கலன் முழுதும் நிறையுமுன்பே மிதவை கலனின் கூரையைத் தொட்டு நிற்கிறது. அதற்கு மேலும் எண்ணெய் ஏறலாம். ஆகவே நிரப்பிய பின் சில பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்கு முள் அசையாமல் நிற்கும். அடியில், முள் வெறுமைக் கோட்டைத் தொட்டாலும் கலனில் சில லிட்டர் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் ஐம்பது கிலோமீட்டரோ அதற்கு மேலோ ஓடுவது இதனால்தான். விரைவுகாட்டிக்கு ஐக்கிய நாடுகள் அவையின் 39ஆம் ஒழுங்குவிதி உண்டு: உண்மை விரைவைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம், அதற்கும் எல்லை உண்டு. எரிபொருள் காட்டிக்கு அத்தகைய கண்டிப்பு இல்லை. செய்பவர் மனத்தின் அறமே அங்கு விதி. முன்கூட்டியே வெறுமை என்று சொல்லும் இந்தப் பொய்யை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டில் அரிசி தீருமுன்பே தீர்ந்துவிட்டது என்று சொல்லும் அம்மாவின் பொய் போன்றது அது.

காட்டியே இல்லாமல் ஓடிய காலமும் இருந்தது. போர்டு நிறுவனத்தின் டி வகை மகிழுந்தில் இருக்கையைத் தூக்கி, கலனுக்குள் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய் தன் எடையால் வழிந்து இயந்திரத்தைச் சேர வேண்டியிருந்ததால், குறைந்த எண்ணெயோடு மேடேறியவர்கள் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏறினார்கள். வோக்ஸ்வாகன் வண்டு வகை 1961 வரை காட்டி இல்லாமலே வந்தது. இயந்திரம் திணறினால் காலால் ஒரு பிடியைத் திருப்பி ஒதுக்கு எண்ணெயைத் திறக்க வேண்டும். திருப்பியதை மறந்து மீண்டும் நிரப்பாமல் போனவர்கள் நடந்தே வீடு திரும்பினார்கள். இன்றைய காட்டியில் எண்ணெய்க் குழாய்ப் படத்தின் அருகே ஒரு சிறு அம்பு இருக்கிறதல்லவா, கலனின் வாய் எந்தப் பக்கம் என்று சொல்வது? போர்டு நிறுவனத்தின் ஜிம் மொய்லன் 1986இல், மழையில் நனைந்துகொண்டு தவறான பக்கத்தில் வண்டியை நிறுத்திய எரிச்சலில் எழுதிக் கொடுத்த யோசனை அது. முழுக் காட்டியிலும் ஒருபோதும் பிழைக்காத குறி அந்த அம்பு ஒன்றே.

இத்தகைய முள்ளின் மேல் ஒரு நாட்டின் சட்டமே ஏறி உட்கார்ந்த கதை நமக்குத் தெற்கே நடந்தது. மலேசியாவில் எண்ணெய் மலிவு என்பதால் சிங்கப்பூர் வண்டிகள் காலிக் கலனோடு ஜொகூருக்கு வந்து நிரப்பிச் சென்றன. சிங்கப்பூர் அரசு 1989இல், எல்லை கடக்கும் தன் நாட்டு வண்டிகளின் கலன் பாதியாவது நிறைந்திருக்க வேண்டும் என்றது. 1991இல் அது முக்கால் ஆனது. மீறினால் 500 சிங்கப்பூர் வெள்ளி வரை தண்டம்; வண்டியும் திருப்பி அனுப்பப்படும். தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலைக்கு வண்டியோட்டி வரும் சிங்கப்பூர்த் தமிழர், உட்லண்ட்ஸ் சாவடியை நெருங்கும்போது முருகனுக்கு முன்னால் முள்ளைத்தான் பார்ப்பார். சோதிக்கும் அதிகாரியும் அதே முள்ளைத்தான் பார்க்கிறார். கலனுக்குள் குச்சி விட்டுப் பார்க்க அவருக்கு நேரம் ஏது? காட்டியைத் திருத்தி முள்ளை உயர்த்தி வைத்தவர்களும் உண்டு. அதுவும் குற்றம் என்று சட்டம் சொல்கிறது. குழாயில் அரை விழுக்காட்டுக்கு மேல் பிழை பொறுக்காத உலகம், எல்லையில் மிதவையின் வாக்குமூலத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறது.

அளவையின் வகை மாறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வானில் ஒரு சான்று உண்டு. 1983 சூலை 23 அன்று ஏர் கனடாவின் 143ஆம் பறப்பு, போயிங் 767 வானூர்தி, எரிபொருள் காட்டி பழுதான நிலையிலேயே கிளம்பியது. கலனில் இருந்ததைக் குச்சியால் அளந்து லிட்டராக்கி, லிட்டரை எடையாக்கினார்கள். தேவை 22,300 கிலோகிராம். பெருக்க வேண்டிய எண் 0.8, பெருக்கியதோ 1.77. அது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்னும் எண். கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. பாதிக்கும் குறைந்த எண்ணெயோடு பறந்த வானூர்தியின் இரு இயந்திரங்களும் நடுவானில் அணைந்தன. இயந்திரமில்லாச் சறுக்கு வானூர்தி ஓட்டிப் பழகிய தலைமை வானோடி பாப் பியர்சன், கிம்லி என்னும் ஊரின் கைவிடப்பட்ட படைத்தளத்தில் அதைத் தரையிறக்கினார். 69 பேரும் உயிர் தப்பினர்.

இனி, முள்ளுக்கு அருகே இலக்கமாக ஒளிரும் எஞ்சிய தொலைவுக்கு வருவோம். எரிபொருள் செலவை வண்டி நன்றாகவே அறியும். எண்ணெயைத் தூவும் உட்செலுத்தி ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லிநொடி திறந்தது என்று கூட்டினால் செலவு தெரிந்துவிடும். கடந்த சில பத்துக் கிலோமீட்டரின் சராசரிச் செலவால் எஞ்சிய லிட்டரை வகுத்துத் தொலைவைச் சொல்கிறது. இதில் இரண்டு குறை. எஞ்சிய லிட்டர் மிதவையிடமிருந்து வருகிறது. கலன் நிறைந்திருக்கையில் 3 லிட்டர் பிழை 40 லிட்டரில் கரைந்துபோகும். 5 லிட்டர் மட்டும் இருக்கையில் அதே பிழை பாதிக்கும் மேல். நமக்கு முள் மிகவும் தேவைப்படும் வேளையில்தான் அது மிகவும் தடுமாறுகிறது. அடுத்த குறை, அந்தச் சராசரி நேற்றைய சாலையுடையது. ஈப்போவிலிருந்து வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சீராக ஓடிப் பிறை வந்து சேர்கிறீர்கள். லிட்டருக்கு 14 கிலோமீட்டர். கலனில் 5 லிட்டர். 70 கிலோமீட்டர் என்கிறது இலக்கம். பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் ஒரு லிட்டரில் கடந்துவிடலாம். மாலை நெரிசலிலோ குளிரூட்டி ஓட, சக்கரம் நிற்க, மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டி எண்ணெய் கரைந்துகொண்டேயிருக்கும். கடந்தது மூன்று கிலோமீட்டர். இலக்கம் குறைந்தது பத்து. வண்டி பொய் சொல்லவில்லை. வரப்போகும் சாலையை அது பார்த்ததில்லை. இன்னும் கீழே போனால் பல வண்டிகள் இலக்கத்தை அழித்துவிட்டு வெறும் கோடுகளைக் காட்டும். அந்த மௌனத்தை நான் மதிக்கிறேன்.

அளவைக் குழப்புவதில் வெப்பத்துக்கும் பங்கு உண்டு. வெயிலில் எண்ணெய் விரிவது உண்மையே. பத்துப் பாகை ஏறினால் நூற்றில் ஒரு பங்கு. ஆனால் நிலையத்தின் எண்ணெய் மண்ணுக்கடியில் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் கிடப்பதால், விடியற்காலையில் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்பது வீண் நம்பிக்கை. எண்ணெயே இல்லாத மின்மகிழுந்துகளில் மிதவையும் இல்லை, அங்கே எண்ணுதல். உள்ளே போன மின்னோட்டம், வெளியே வந்த மின்னோட்டம் என்று கணக்கு வைக்கிறார்கள். எண்ணிக்கையில் வரும் சிறு பிழைகள் நாள்பட நாள்படக் கூடும். இலித்தியம் இரும்புப் பாசுபேட்டு மின்கலத்தில் மின்னழுத்தம் நடுவில் நெடுந்தூரம் மாறாமல் நிற்பதால், அவ்வப்போது முழுதும் மின்னேற்றிக் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது.

பட்டறைக்குத் திரும்புவோம். என் வண்டியின் முள் ஏன் கால் கலனில் நின்றது? 2004இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் லூசியானாவிலும் எண்ணெயில் கந்தகம் மிகுந்து, காட்டிகளின் வெள்ளித் தொடுமுனைகளைக் கெடுத்த செய்தியைப் படித்திருந்ததால், என் ஐயம் எண்ணெய் மேல்தான் இருந்தது. அண்ணன் தகட்டைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்தார். மேல்பாதிக் கோடுகள் புதியவை போல மின்னின. கீழே, கால் கலன் நிற்கும் இடத்தில் மட்டும் கோடு தேய்ந்து நகக்கண் ஆழத்தில் ஒரு பள்ளம். கையை மெல்ல இறக்கினார். உலோக விரல்கள் வழுக்கி வந்து அந்தப் பள்ளத்தில் சிக்கி நின்றன. மிதவை அந்தரத்தில் தொங்கியது.

"எப்பவும் இருவது வெள்ளிக்குத்தான் எண்ணெய் போடுவீங்களோ?" என்று கேட்டார்.