1893 முதல் பாடிவரும் ஒரு பாடகர் குழு



செம்மேட்டில் டிசம்பர் குளிர் இறங்கியதும் எங்கள் சிறிய பாடகர் குழு கூடிவிடும். இந்த வருடமாவது நாலு பாகமாகப் பாடிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் தீர்மானிப்போம். இரண்டாம் சரணம் வருவதற்குள் ஆல்ட்டோ பாடுகிறவர்கள் மெதுவாக சோப்ரானோ ராகத்துக்குப் போய்விடுவார்கள். டெனார் பாட இருப்பவர் ஒருவரே. அவருக்கும் அன்றைக்குத்தான் இருமல் வரும். இப்படிப் பாடிப் பழகிய எங்களுக்கு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சென்னை சென்று மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் பாடுவதைக் கேட்டால் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். இவர்களும் நம்மைப் போலச் சம்பளமில்லாமல் பாடுகிறவர்கள்தானே, இது எப்படி முடிகிறது?

இந்தக் குழு 1893-இல் தொடங்கப்பட்டது. இந்தியாவின் மிகப் பழைய பாடகர் குழுக்களில் ஒன்று. ஆரம்ப காலத்தில் சென்னையில் வாழ்ந்த ஐரோப்பியர்களின் குழுவாக இருந்து, பின்பு நம்மவர்களின் குழுவாக மாறியது. மாணவர்கள், அலுவலகம் போகிறவர்கள், இல்லத்தரசிகள், ஓய்வுபெற்றவர்கள் என்று பலரும் வேலை முடிந்த நேரத்தில் வந்து பயிற்சி எடுக்கிறார்கள். நம் ஊரில் 'அமெச்சூர்' என்றால் சற்று மட்டம் என்று ஒரு நினைப்பு உண்டு. ஆனால் அந்தச் சொல்லின் மூலப்பொருள் 'நேசிக்கிறவர்' என்பதுதான்.

நீண்ட காலம் இக்குழுவை நடத்தியவர் ஹேண்டல் மானுவேல். சென்னை வானொலியில் மேற்கத்திய இசையைக் கவனித்தவர். எழும்பூர் புனித அந்திரேயா ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். பெயர்ப் பொருத்தம் அபூர்வமாகத்தான் இவ்வளவு சரியாக அமையும். அவருக்குப் பின் பல ஆண்டுகளாக அகஸ்டின் பால் நடத்துநராகப் பணியாற்றி, உலகப் பாடகர் குழுப் போட்டிகளுக்கும் இவர்களை அழைத்துச் சென்றிருக்கிறார். சென்னையின் ஆங்கிலப் பத்திரிகைகள் இக்குழுவின் கிறிஸ்மஸ், ஈஸ்டர் நிகழ்ச்சிகளைப் பாராட்டி எழுதியிருக்கின்றன.

விமரிசகர்கள் எதைப் பாராட்டுகிறார்கள்? உலகப் போட்டிகளில் நடுவர்கள் முக்கியமாகப் பார்ப்பவை சுருதிச் சுத்தம், ஓசையின் தரம், எழுதப்பட்ட இசைக்கு உண்மையாயிருத்தல், பாடலின் முழு உணர்வு ஆகியவை. காகிதத்தில் எளிதாகத்தான் தெரிகிறது. வாத்தியத் துணையின்றிப் பாடும்போது மூச்சு சற்றுத் தளர்ந்தால் போதும், குழு முழுவதும் யாரும் அறியாமலே சுருதி இறங்கிவிடும். முடிவில் பியானோவைத் தொட்டுப் பார்த்தால்தான் நடந்த விபத்து தெரியும்.

நமக்கென்று தனியான சில தொல்லைகளும் உண்டு. கமகம் நம் இசையின் உயிர். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது நமக்குப் பிறவிப் பழக்கம். ஆனால் நான்கு பாகமும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது ஒருவர் வழுக்கினாலும் இசைவு கலங்கிவிடும். அடுத்தது உச்சரிப்பு. 'லார்ட்' என்று முடியவேண்டிய சொல்லை நம் நாக்கு 'லார்டு' என்று உகரம் சேர்த்தே முடிக்கும். நாற்பது பேர் நாற்பது விதமாக உகரம் சேர்த்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். தமிழில் பாடினால் வேறு சிக்கல். மேற்கத்திய ராகத்தில் நீண்ட ஸ்வரம் ஒரு குறிலின்மேல் விழுந்தால் 'மனம்' என்பது 'மானம்' ஆகிவிடும்!

எல்லாவற்றிலும் கடினமானது நல்ல குரல்காரரை அடக்குவது. தனிப்பாட்டுக்குப் பேர்போன ஒருவர் குழுவில் நிற்கும்போது அவர் குரல் தனியாகக் கேட்கக்கூடாது. ஊரே மெச்சும் குரலை 'கொஞ்சம் குறையுங்கள்' என்று சொல்ல வேண்டும். அவரும் கோபித்துக்கொண்டு போய்விடக் கூடாது. சம்பளம் வாங்குகிறவரென்றால் கட்டளையிடலாம். இங்கே நாளைக்கு அவர் வராமல் இருந்துவிடலாம். கையசைத்துத் தாளம் காட்டுவது நடத்துநரின் வேலையில் மிகச் சிறிய பங்குதான் என்பது என் எண்ணம். படிப்பு முடிந்து வெளியூர் போகிறவர், கலியாணமாகிப் போகிறவர், வேலை மாற்றலாகிப் போகிறவர் என்று இடங்கள் காலியாகிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் புதியவர்களுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுத்து, கேட்கிறவர் காதுக்கு அதே குழுவாக ஒலிக்கச் செய்ய வேண்டும்.

நடத்துநரே போய்விட்டால்? பெரிய ஆபத்து அதுதான். பம்பாயில் விக்டர் பரஞ்சோதி 1956-இல் தொடங்கிய பாடகர் குழுவுக்கு அந்த நாள் 1967-இல் அவர் மறைவோடு வந்தது. பல குழுக்கள் இத்தகைய நாளில் கலைந்து போகும். இங்கே கூமி வாடியா என்ற பார்சிப் பெண்மணி பொறுப்பேற்றார். நிறுவனர் பெயரையே தாங்கி, பரஞ்சோதி அகாடமி கோரஸ் என்ற பெயரில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவர் நடத்திய அந்தக் குழு வெளிநாடுகளிலும் பாடிப் பாராட்டுப் பெற்றது. தென்னிந்திய இசையின் சாயலில் பரஞ்சோதி எழுதிய 'திராவிடியன் டித்திராம்ப்' என்ற உருப்படியை அமெரிக்கக் கல்லூரிப் பாடகர் குழுக்கள் பாடியிருக்கின்றன. அங்கே கமகம் பழகாத நாக்குகள் படும் பாட்டை நினைத்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருக்கிறது.

மருத்துவமனையை நேசிக்கும் உங்களுக்கு இன்னொரு சங்கதியையும் சொல்ல வேண்டும். பாடகர் குழுக்கள் எங்கும் விரும்பிப் பாடும் ஹேண்டலின் 'மேசியா' முதன்முதலில் 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளின் நகரில் பாடப்பட்டது. 1741-இல் 24 நாட்களில் எழுதி முடித்த இசை அது. நகரின் இரு பேராலயங்களின் பாடகர்கள் பாடினார்கள். அதில் ஒன்றின் தலைமைக் குரு, 'கலிவரின் யாத்திரை' எழுதிய ஜோனத்தன் ஸ்விப்ட். அந்தப் பருவத்தில் ஒரு சமயம் தம் பாடகர்கள் வெளியிடத்தில் பாடக்கூடாதென்று தடுத்தும் பார்த்தவர் அவர். அரங்கில் இடம் போதாதென்று, பெண்கள் வளையம் வைத்த அகலப் பாவாடை அணியாமலும் ஆண்கள் உடைவாள் தரிக்காமலும் வரும்படி கேட்டுக்கொண்டார்கள். அப்படியே சுமார் 700 பேர் கூடினார்கள். வசூலான ஏறத்தாழ 400 பவுன் மூன்று பங்காக்கப்பட்டது. இரண்டு பங்கு இரண்டு மருத்துவமனைகளுக்குப் போயிற்று. மூன்றாம் பங்கால் கடனுக்காகச் சிறையிலிருந்த 142 பேர் விடுதலையானார்கள்.

டப்ளின் பத்திரிகைகள் அந்த இசையை வானளாவப் புகழ்ந்தன. 1750 முதல் லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்தின் உதவிக்காகவும் ஹேண்டல் 'மேசியா'வை நடத்தினார். 1759-இல் அவர் காலமானபோது உயிலைப் பிரித்துப் பார்த்தார்கள். 'மேசியா'வின் இசைப்பிரதி ஒன்றை அந்த இல்லத்துக்கே எழுதி வைத்திருந்தார்.