ஓரங்கட்டு: விளித்தலின் படிநிலை குறித்து

1

போக்குவரத்துப் போலீஸ் ஆளைப் பார்த்து நடந்துகொள்கிறது என்பது செய்தியே அல்ல. டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயம் ஏன் ஓர் அரசியல் பிரச்சினையாக நம் பக்கங்களுக்கு வரவே இல்லை என்பதுதான் என் கேள்வி. காவல் நிலையச் சாவுகள் பற்றி எழுதுகிறோம், மோதல் கொலைகள் பற்றி எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலான மக்கள் காக்கிச் சட்டையை நேருக்கு நேர் சந்திப்பது லாக்கப்பில் அல்ல. சிக்னலில், பாலத்து இறக்கத்தில், டாஸ்மாக் இருக்கிற தெருமுனையில். அரசு என்பது என்ன என்ற பாடம் அங்கேதான் தினமும் நடக்கிறது.

அல்துஸ்ஸர் 1970இல் வெளியான தன் புகழ்பெற்ற கட்டுரையில் விளித்தல் என்ற கருத்தை விளக்கத் தெருவில் ஒரு போலீஸ்காரரைத்தான் நிறுத்துகிறார். அவர் கூப்பிடுகிறார், நடந்து போகிறவர் திரும்புகிறார், அந்தத் திரும்புதலிலேயே ஒரு தனிமனிதர் தன்னிலையாக ஆகிவிடுகிறார். கருத்தியல் இப்படித்தான் வேலை செய்கிறது என்பது அவர் வாதம். நம் சூழலில் இந்த உதாரணம் பலமுறை எடுத்தாளப்பட்டுவிட்டது. ஆனால் ஒரு சின்ன விஷயத்தை நாம் கவனிக்கவில்லை. பிரெஞ்சில் ஒருமைக்கு ஒரு சொல், மரியாதைக்கு ஒரு சொல் என்று இரண்டு உண்டு. அல்துஸ்ஸரின் போலீஸ்காரர் மரியாதைச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். நம் வழக்கில் சொன்னால், 'ஏங்க, உங்களைத்தாங்க' என்கிற மாதிரி. தெருவில் போகிற யாராக இருந்தாலும் அவருக்கு ஒரே விளிதான் என்பது அந்த உதாரணத்தின் பேசப்படாத அனுமானம்.

நம் ரோட்டுக்கு வாருங்கள். 'டேய், ஓரங்கட்டுடா', 'யோவ் பெருசு, நிறுத்துய்யா', 'ஏம்மா, கண்ணு தெரியல?', 'தம்பி, வண்டிய ஓரமா விடு', 'சார், ஒரு நிமிஷம், லைசென்ஸ் பாத்துக்கலாமா?' தமிழில் ஓர் ஏவல் வாக்கியத்தைப் படிநிலை கலக்காமல் பேச்சில் சொல்வது கிட்டத்தட்ட முடியாத காரியம். நிறுத்து என்றாலும் நிறுத்துங்க என்றாலும் எதிரே இருப்பவரின் இடத்தை முடிவு செய்த பிறகுதான் வாய் திறக்கிறது. அந்த முடிவு அரை நொடியில் எடுக்கப்படுகிறது. எதை வைத்து? வண்டியின் விலை, சட்டை, நிறம், வயது, பின்னால் உட்கார்ந்திருப்பவர், நம்பர் பிளேட்டில் ஒட்டியிருக்கிற படம் இவற்றை வைத்து. ஆக, நம்மிடம் விளித்தல் வெறுமனே தன்னிலையை உண்டாக்குவதில்லை. தரம் பிரிக்கப்பட்ட தன்னிலைகளை உண்டாக்குகிறது. அபராதச் சீட்டு பிறகு வருகிறது. பாரபட்சம் விகுதியிலேயே முடிந்துவிட்டது.

2

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம், 1988, ஆளுக்கு ஆள் வித்தியாசம் பார்க்கவில்லை. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு ஹெல்மெட்டிலிருந்து 129ஆம் பிரிவு விலக்கு அளிப்பதைப் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவை வெளிப்படையாக எழுதப்பட்டவை. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 210பி பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது: இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் உடையவரே இதன் கீழ் குற்றம் செய்தால் அபராதம் இருமடங்கு. ஹெல்மெட் இல்லாமல் போகிற போலீஸ்காரர் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். பிரதியில் இருக்கிறது. ரோட்டில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம் என்பதை வாசகர்களின் அனுபவத்துக்கு விடுகிறேன்.

'அவன விட்டுட்டீங்க, என்னை மட்டும் ஏன் புடிக்கிறீங்க?' மறிக்கப்பட்ட ஒவ்வொருவரும் கேட்கிற கேள்வி இது. இதற்கு நீதிமன்றத்தின் பதில் இரண்டு விதமாக இருக்கிறது. தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பா தொடுத்த வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம், தான்தோன்றித்தனமும் சமத்துவமும் ஒன்றுக்கொன்று பகை என்ற கருத்தை முன்வைத்தது. அரசின் செயல் மனம்போன போக்கில் இருந்தால் அதுவே 14ஆம் உறுப்பை மீறுவதாகும். ஆனால் அதே நீதிமன்றம் 1995இல் சண்டிகர் நிர்வாகத்துக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் இடையிலான வழக்கில் வேறொன்றைத் தெளிவாக்கியது: இன்னொருவருக்குச் சட்டவிரோதமாகக் காட்டப்பட்ட சலுகையை எனக்கும் காட்டு என்று சமத்துவத்தின் பெயரால் கேட்க முடியாது.

இரண்டையும் சேர்த்து வாசித்தால் நம் ஆளின் நிலை என்ன? அவர் ஹெல்மெட் போடவில்லை. ஆகவே அவர் கேள்வி தள்ளுபடி. பாரபட்சம் உண்மையாகவே நடந்திருந்தாலும், அதைச் சொல்லும் தகுதியை அவரது சின்னக் குற்றம் பறித்துவிடுகிறது. தேர்ந்தெடுத்துப் பிடிக்கும் அதிகாரம் இந்த இடைவெளியில்தான் பத்திரமாக இருக்கிறது. ஏனென்றால் இந்திய ரோட்டில் ஏதாவது ஒரு விதியை மீறாத வண்டி அபூர்வம். இன்சூரன்ஸ் நேற்று முடிந்திருக்கும், புகைச் சான்று இருக்காது, நம்பர் பிளேட் எழுத்து பெரிதாக இருக்கும், கண்ணாடி உடைந்திருக்கும். எல்லோரும் குற்றவாளிகள் என்றால், யார் குற்றவாளி என்பதைச் சட்டம் தீர்மானிக்கவில்லை. கை காட்டுகிறவர் தீர்மானிக்கிறார்.

3

நகரத்துச் சந்திப்பு ஒன்றில் சில மாலைகள் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். இது ஆய்வு அல்ல, வெறும் பார்வை. மறிக்கப்பட்டவை பெரும்பாலும் டூ வீலர்கள். அடுத்து சரக்கு ஏற்றிய குட்டி யானைகள், ஷேர் ஆட்டோக்கள். கார்கள் குறைவு. பெரிய கார்கள் இல்லவே இல்லை. இதற்கு ஒரு பௌதிகக் காரணமும் இருக்கிறது. டூ வீலரை ஹேண்டில்பாரைப் பிடித்தே நிறுத்திவிடலாம், சாவியைப் பிடுங்கலாம். சாவியைப் பிடுங்கு என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். காரின் கண்ணாடி ஏற்றியிருக்கும். உள்ளே யார் என்று தெரியாது. தெரியாத ஆள் பெரிய ஆளாக இருக்கலாம். அதிகாரம் இங்கே அச்சத்தோடு கணக்குப் போடுகிறது.

டூ வீலர்காரர்களுக்குள்ளும் இரண்டு வகை. போனை எடுத்து 'ஒரு நிமிஷம் சார், பேசுங்க' என்று நீட்டுகிறவர் ஒரு வகை. பேச ஆளில்லாதவர் மற்ற வகை. அவரிடம் அடுத்த கேள்வி வருகிறது: 'எந்த ஊரு? ஊர்ல எங்க?' லைசென்சில் முகவரி இருக்கும்போது இந்தக் கேள்வி எதற்கு? நம் ஊரில் தெருப்பெயர் சாதிப்பெயர் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். காமன் காஸ் அமைப்பும் வளர்சமூகங்கள் ஆய்வு மையமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட காவல்துறை பற்றிய அறிக்கையில், பேட்டி காணப்பட்ட காவலர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் முஸ்லிம்கள் இயல்பிலேயே குற்றம் செய்யக்கூடியவர்கள் என்ற கருத்தை ஓரளவாவது ஏற்றார்கள். இந்தப் பொதுப்புத்தியோடுதான் கை நீள்கிறது.

அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: காவலர்கள் சராசரியாக ஒரு நாளைக்குச் சுமார் 14 மணி நேரம் வேலை செய்கிறார்கள். வெயிலில், புகையில், கழிப்பறை இல்லாத சந்திப்பில் நிற்கிற அந்த மனிதரைத் தனியொரு வில்லனாக ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அவரையும் மேலே இருந்து ஒருவர் 'டேய்' என்றுதான் கூப்பிடுகிறார். இன்று எத்தனை கேஸ் என்று அவரிடமும் கேட்கப்படுகிறது. கேஸ் எண்ணிக்கைதான் வேலைக்கு அத்தாட்சி என்றால், எளிதில் நிற்கிற வண்டியைத்தான் எவரும் நிறுத்துவார். தனிமனித ஒழுக்கப் பிரச்சினையாக இதைக் குறுக்கினால் அமைப்பு தப்பித்துக்கொள்ளும்.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு 2018 மார்ச்சை நினைவுபடுத்துகிறேன். திருச்சி அருகே துவாக்குடியில் ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன டூ வீலரை ஓர் ஆய்வாளர் விரட்டிச் சென்று உதைத்ததாகக் குற்றச்சாட்டு. பின்னால் இருந்த பெண் விழுந்து இறந்துபோனார். ஆயிரக்கணக்கானோர் சாலையை மறித்தார்கள், ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். ஹெல்மெட் இல்லாததற்கு அன்றைய சட்டப்படி முதல் தடவை அபராதம் 100 ரூபாய்.

4

ஹெல்மெட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள். அதில் ஹெல்மெட் அணியாதவர்கள் 50,029 பேர். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு விதியைக் கேலி செய்ய முடியாது. ஆனால் அதே ஆண்டு செத்தவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அவர்களிடம் மறிப்பதற்கு வண்டி இல்லை. அவர்களை இடித்த வேகத்தை மறிப்பதற்குச் சந்திப்பில் ஆள் இல்லை. எந்த விதி கறாராக அமலாகிறது, எந்த விதி தூங்குகிறது என்பதும் பாரபட்சத்தின் ஒரு வடிவம்தான்.

பாரபட்சத்தை எப்படி நிரூபிப்பது? அமெரிக்காவில் ஒரு வழி கண்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டுப் போலீஸ் வண்டிகளை நிறுத்திய சுமார் 10 கோடிப் பதிவுகளை எடுத்துக்கொண்டது. ஒரே கடிகார நேரம் கோடையில் வெளிச்சமாகவும் குளிர்காலத்தில் இருட்டாகவும் இருக்கும் அல்லவா? இருட்டிய பிறகு, ஓட்டுபவர் யாரென்று தெரியாதபோது, நிறுத்தப்பட்டவர்களில் கறுப்பர்களின் விகிதம் குறைந்தது. முகம் தெரிந்தால் கை நீள்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை. இத்தனைக்கும் அங்கே 1996இல் உச்ச நீதிமன்றம், ஏதாவது ஒரு விதிமீறல் இருந்தால் போதும், நிறுத்தியதன் உள்நோக்கம் என்ன என்று அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தத்தின் கீழ் கேட்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்திருந்தது. சட்டம் மூடிய கதவைக் கணக்கு திறந்தது.

அந்தக் கணக்கு சாத்தியமானது நிறுத்தல்கள் பதிவானதால். நம்மிடம் பதிவாவது சலான் மட்டும். நிறுத்தி, அரட்டி, சாவியைப் பிடுங்கி, கெஞ்சவிட்டு, கடைசியில் எதையோ வாங்கிக்கொண்டோ வாங்காமலோ அனுப்பிய நிகழ்வு எந்தக் காகிதத்திலும் இல்லை. போன் நீட்டியதால் விடப்பட்டவரும் இல்லை. நடக்காததாகவே ஆகிவிட்ட ஒன்றை எப்படி எதிர்ப்பது?

5

'அதான் கேமரா வந்துடுச்சே' என்பார்கள். வந்துவிட்டது. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, மின்னணுக் கண்காணிப்பு எங்கே எப்படி என்று வகுத்தது: எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். கேமராவுக்கு 'டேய்' தெரியாது, 'சார்' தெரியாது. விகுதி இல்லாத விளி அது. அவமானத்தை அனுபவித்தவர்கள் அதை வரவேற்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஃபூக்கோவைப் படித்தவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. விகுதியை இழந்த அதிகாரம் படிநிலையை இழந்துவிடவில்லை. 2019 திருத்தத்துக்குப் பின் ஹெல்மெட் அபராதம் 1,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கொத்தனாருக்கும் 1,000, கம்பெனி முதலாளிக்கும் 1,000. ஒருவருக்கு அது ஒரு நாள் கூலியோ அதற்கு மேலோ. மற்றவருக்கு ஒரு காபிச் செலவு. பார்வைக்குச் சமத்துவம், வயிற்றுக்குப் பாரபட்சம். இது மாற்ற முடியாத விதியல்ல. ஃபின்லாந்தில் 1921 முதல் நாள்-அபராதம் என்ற முறை இருக்கிறது. குற்றத்தின் கடுமை எத்தனை நாள் என்பதைத் தீர்மானிக்கும். ஒரு நாளின் விலையை வருமானம் தீர்மானிக்கும். 2002இல் ஹெல்சிங்கியில் 50 கிலோமீட்டர் எல்லையில் 75இல் பைக் ஓட்டிய ஒரு பெரிய நிறுவன அதிகாரிக்குச் சுமார் 1,16,000 யூரோ விதித்தார்கள். பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது. ஆனாலும் அந்தத் தொகை உறைக்கும் அபராதம்.

படிநிலை வேறு இடத்துக்கு நகரும் என்பதற்கு நம்மூர் உதாரணமே உண்டு. 2017 மே 1 முதல் அமைச்சர்கள், அதிகாரிகளின் காரில் சிவப்புச் சுழல்விளக்கு கூடாது என்றார்கள். விளக்கு போனது, ஸ்டிக்கர் பெருகியது. 'போலீஸ்', 'பிரஸ்', 'வக்கீல்', 'அரசு', கட்சிக்கொடி, சாதித் தலைவர் படம். 2024 மே மாதம் முதல் நடவடிக்கை எடுப்போம் என்று சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த ஸ்டிக்கர் சொல்வது ஒன்றுதான்: என்னை 'டேய்' போடாதே.

6

என்ன கேட்கலாம்? ஒரே மாதிரி நடத்து என்பது மட்டும் போதாது. எல்லோரையும் ஒரே மாதிரி அவமதிப்பதும் ஒரே மாதிரிதான். என் பார்வையில் கோரிக்கைகள் நான்கு. சலான் போட்டாலும் போடாவிட்டாலும் ஒவ்வொரு நிறுத்தலும் காரணத்தோடு பதிவாக வேண்டும். நிறுத்தப்பட்டவர் கையில் ஒரு சீட்டு தரப்பட வேண்டும். எந்தச் சந்திப்பில், எந்த வகை வண்டி, எந்த விதி என்ற தொகுப்பு பொதுவில் வைக்கப்பட வேண்டும். அபராதம் வருமானத்தோடு இணைக்கப்பட வேண்டும். நான்காவது சிரிப்பை வரவழைக்கலாம்: விளிக்கு ஒரு விதி வேண்டும். எல்லோருக்கும் 'ங்க'.

பதிவு என்பதும் கண்காணிப்புதானே என்று ஒரு நண்பர் கேட்டார். சரியான கேள்வி. ஆனால் இங்கே பதிவாவது அதிகாரத்தின் செயல். குடிமக்களின் அந்தரங்கம் அல்ல. பெயர் வேண்டாம், நடந்தது வேண்டும். அதேபோல், கான்ஸ்டபிளின் விருப்புரிமையை முழுக்க ஒழித்துவிட வேண்டும் என்பதும் என் வாதமல்ல. பிரசவ வலியோடு போகிற ஆட்டோவை விட்டுவிடுகிற மனசும் அந்த விருப்புரிமையில்தான் இருக்கிறது. அந்த மனசு வாழட்டும். ஆனால் அது யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பது வெளியே தெரிய வேண்டும். தெரியாதவரை அது கருணை அல்ல, சலுகை.

நம் வட்டத்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மறிக்கப்பட்டதும் பர்சிலிருந்து பத்திரிகை அட்டையை எடுப்பது, தெரிந்த வக்கீலுக்குப் போன் போடுவது நம்மிடையேயும் பழக்கம். அந்த நிமிடத்தில் நாம் கேட்பது நீதி அல்ல, விகுதி மாற்றம். பக்கத்தில் அதே குற்றத்துக்காக நிற்கிற பெயிண்டர் பையனுக்கும் சேர்த்து 'காரணத்தை எழுதிக் கொடுங்க' என்று கேட்கிற நாளில்தான் இது அரசியல் ஆகும்.