வானொலிப் பரப்பியின் உள்ளகம்

2004ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியது. தொலைபேசித் தொடர்புகள் பல அறுந்தன. அவ்வேளையில் போர்ட் பிளேயர் நகரில் இருந்த வானொலி ஆர்வலர் சிலர், தம் கருவிகளின் வாயிலாகத் தீவுகளின் நிலையைப் பெருநிலத்திற்கு அறிவித்தனர். ஊதியம் கருதாது, அறிவு வேட்கையால் வானொலியைப் பயில்வோர் இவர்கள். அரசின் உரிமம் பெற்று, கருவியையும் தாமே அமைத்துக்கொள்வோர் இவர்களுள் பலர். அக்கருவியில் செய்தியை அனுப்பும் பகுதி பரப்பி எனப்படும். பரப்பியிலுள்ள கம்பிச்சுருள்களுக்கு ஏற்ற உள்ளகத்தைத் தேர்ந்தெடுத்தல் அறிவுக்கு வேலை தரும் செயலாகும்.

கம்பிச்சுருளின் நடுவே வைக்கப்படும் பொருளே உள்ளகம். அது காந்தப் பண்புடையதாயின் சுருளின் காந்தப்புலம் வலுப்பெறும். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவுறுவது. அதற்குரிய மின்மாற்றியில் மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கி வைப்பர். வானொலி மின்னோட்டமோ நொடிக்குக் கோடி முறையும் அலைவுறும். அவ்விரைவில் இரும்பினுள் சுழல் மின்னோட்டங்கள் மிகுந்து, ஆற்றல் வெப்பமாகி வீணாகும்.

இக்குறையைத் தீர்க்க வந்த பொருள் பெரைட். 1930ஆம் ஆண்டில் டோக்கியோவில் யோகோரோ கட்டோ, தக்கேஷி தக்கேய் என்னும் அறிஞர் இருவர் இதனை உருவாக்கினர். இரும்பு ஆக்சைடுடன் வேறு உலோக ஆக்சைடுகளைக் கலந்து, பொடியாக்கி, அச்சில் அழுத்தி, மட்பாண்டம்போல் சூளையில் சுடுவர். இவ்வாறு கிடைக்கும் கரிய பொருளில் காந்தப் பண்பு உண்டு. மின்சாரம் எளிதில் பாயாது.

எனினும், பெரைட் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. மாங்கனீசும் துத்தநாகமும் கலந்த வகை காந்தப்புலத்தை மிகுதியாக வலுப்படுத்தும். ஆயினும் அதன் மின்தடை குறைவு. ஆதலின் அது தாழ்ந்த அதிர்வெண்களுக்கே ஏற்றது. நிக்கலும் துத்தநாகமும் கலந்த வகை அத்துணை வலுப்படுத்தாது; ஆனால் அதன் மின்தடை மிக உயர்ந்தது. சிற்றலைப் பரப்பிக்குப் பெரிதும் பயன்படுவது இதுவே. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். பழைய கருவியிலிருந்து எடுத்த உள்ளகமாயின், மேற்பூச்சற்ற இடத்தில் மின்தடை அளவியின் முனைகளை வைத்துப் பார்க்கலாம். முள் அசைந்தால் பெரும்பாலும் முன்னைய வகை. அசையாவிடின் பின்னைய வகை எனக் கருதலாம்.

அடுத்து, செய்யவேண்டிய பணியையும் நோக்க வேண்டும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் என்பவர், ஏறத்தாழ 6 வாட் ஆற்றலுடன் 14 மெகாஹெர்ட்சில் இயங்கும் பிட்எக்ஸ் என்னும் கருவியை வடிவமைத்தார். அயல்நாட்டு வளையங்கள் நம் நாட்டில் எளிதிற் கிடைக்கவில்லை. ஆகவே, பல அதிர்வெண்களைக் கடத்தவேண்டிய மின்மாற்றிகளுக்குத் தொலைக்காட்சி அலைவாங்கியில் பயன்படும் சிறு பெரைட் உள்ளகங்களை அவர் கொண்டார். சென்னையில் 1975இல் தொலைக்காட்சி தொடங்கியபின், தாம்பரம், கீழ்க்கட்டளை முதலிய புறநகர் மாடிகளிலும் காணப்பட்ட அலைவாங்கிகளுக்கு உரியவையே அவை. ஒரே அதிர்வெண்ணில் நிலைத்து நிற்கவேண்டிய சுருள்களையோ, தண்ணீர்க் குழாய்க்கு இடும் நைலான் வாஷரின்மீது சுற்றினார். நைலானில் காந்தப் பண்பு இல்லை. ஆதலின் சுற்றுகள் மிகுதியாக வேண்டும். ஆனால் வெப்பத்தால் காந்தப் பண்பு மாறிச் சுருளின் அளவு பிறழ்வதும் இல்லை. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது இங்கு மெய்யாயிற்று.

இறுதியாக, உள்ளகத்தின் பருமனும் ஆற்றலுக்குத் தக்கதாதல் வேண்டும். சிறு உள்ளகத்தில் பேராற்றலைச் செலுத்தினால் அது தெவிட்டுநிலை எய்தும். அலை உருச்சிதைந்து, பிறர் பேசும் அதிர்வெண்களிலும் புகுந்து இடர் செய்யும். வெப்பம் ஒரு வரம்பைக் கடந்தால் பெரைட் தன் காந்தப் பண்பையே இழந்துவிடும். பேரிடர்க் காலத்தில் ஒருவர் அனுப்பும் உதவிக் குரலை மற்றொருவர் கருவி மறைத்தல் ஆகாது. ஆதலின் அதிர்வெண், பணி, ஆற்றல் என்னும் மூன்றையும் ஆராய்ந்து உள்ளகத்தைத் தேர்தல், கருவி அமைப்போர் பிறர்க்கு ஆற்றும் கடமையும் ஆகும்.